தீட்டும் கத்தியும் மாற்றும் பிளேடும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்டுக்கறிக் கடை முன்னால் வரிசையில் நின்றிருப்பீர்கள். அப்போது உங்கள் கண் தராசின் மேல் இருந்திருக்குமே தவிர, கடைக்காரரின் கத்தியின் மேல் இருந்திராது. அடுத்த முறை போகும்போது கத்தியைக் கவனியுங்கள். நாலைந்து பேருக்குக் கறி போட்டதும் அவர் ஓர் இரும்புக் கம்பியை இடக்கையில் எடுப்பார். கத்தியை அதன்மேல் இப்படியும் அப்படியுமாக நாலு இழுப்பு இழுப்பார். பிறகுதான் அடுத்த ஆளுக்கு வெட்டுவார். கடை மூடும் வரையில் இது எத்தனை தடவை நடக்கிறது என்று எண்ணினால் உங்களுக்கே வியப்பாக இருக்கும்.

திருவள்ளூர் மாவட்டம் ஆர்.கே.பேட்டையில், விசைத்தறிச் சத்தம் கேட்கும் ஒரு தெருவில், எனக்குப் பழக்கமான கறிக்கடை ஒன்று உண்டு. அந்தக் கடைக்காரரிடம் மூன்று கத்திகள் இருக்கின்றன. எலும்பு வெட்டப் பெரிய வெட்டுக்கத்தி ஒன்று. கறி அரிய நடுத்தரமானது ஒன்று. தோலுரிக்க, வயிறு வளைந்த சின்னக் கத்தி ஒன்று. நடுக்கத்தி அவருடைய தகப்பனார் காலத்தது. மூன்று விரல் அகலம் இருந்த கத்தி தீட்டித் தீட்டி இப்போது ஒன்றரை விரல் அகலமாகிவிட்டது. மீதி ஒன்றரை விரல் எங்கே போயிற்று? சாணைக்கல்லில் கரைந்து போயிற்று.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் உறவுக்காரப் பையன் ஒருவன் விடுமுறைக்கு வந்தபோது புது மாதிரிக் கத்தி ஒன்றைக் கொண்டுவந்தான். பிடி மட்டும் நிலையானது. அதன் நுனியில், தபால் அட்டையைப் போல் மெல்லிய ஒரு பிளேடு. கூடவே, உறையிலிட்ட ஒரு டஜன் மாற்றுப் பிளேடுகள். "இதைத் தீட்டவே வேண்டாம் மாமா. மழுங்கினால் கழற்றிப் போட்டுவிட்டு வேறு மாட்டிக்கொள்ளலாம். அங்கே மான் வேட்டைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர் இதைத்தான் வைத்திருக்கிறார்கள்" என்றான். வேட்டையாடிய மானைக் காட்டிலேயே குடல் நீக்கித் தோலுரித்து, கறி கெடுமுன் குளிரவைத்தாக வேண்டும். அங்கே உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருக்க நேரம் ஏது?

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் மான் வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் தோல், சவ்வு, தசை, மூட்டு என்று பார்த்தால் கத்திக்கு மானும் ஆடும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே புதுக் கத்தியை எடுத்துக்கொண்டு கறிக்கடைக்குப் போனேன். அங்கே நடந்ததைச் சொல்லுமுன், கூர் என்றால் என்ன என்று சற்றுப் பார்த்துவிடுவோம்.

கூர் என்பது என்ன?

கத்தியின் விளிம்பு ஒரு கோடு என்றுதான் நமக்குத் தோன்றுகிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் அது கோடு அல்ல, உருண்டை முதுகுடைய ஒரு வரப்பு. வரப்புக்கு அகலம் உண்டு அல்லவா? நன்றாகத் தீட்டிய கத்தியில் அந்த அகலம் சுமார் 1 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மழுங்கிய கத்தியில் 20 மைக்ரான் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். எனவே மழுங்கிய விளிம்புகூட முடியைவிட மெல்லியதுதான். கூர் போய்விட்டது என்பதை விரலால் தடவிக் காண்கிறோமே ஒழியக் கண்ணால் காண முடியாததற்குக் காரணம் இதுவே.

இப்போது ஒரு சிறு கணக்கு. 5 செ.மீ. நீள விளிம்பு கறியின் மேல் படுகிறது. நீங்கள் ஒரு கிலோ எடையளவுக்கு அழுத்துகிறீர்கள். விளிம்பின் அகலம் 1 மைக்ரான் என்றால் தொடும் பரப்பு 0.05 சதுர மில்லிமீட்டர். அதாவது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 20 கிலோ அழுத்தம். 20 மைக்ரான் அகலக் கத்தியிலோ அதே ஒரு கிலோ, ஒரு முழுச் சதுர மில்லிமீட்டரில் பரவிவிடுகிறது. அதே வெட்டு விழ வேண்டுமானால் கை 20 மடங்கு அழுத்த வேண்டும். உண்மையில் கறி வெட்டுவது இவ்வளவு எளிய கணக்கு அன்று. உராய்வு இருக்கிறது. அழுத்துவதைவிட இழுத்து அறுத்தால் குறைந்த விசை போதும் என்பதும் இருக்கிறது. தக்காளியைக் கத்தியால் அமுக்கிப் பாருங்கள், பிறகு இழுத்து அறுத்துப் பாருங்கள், தெரியும். ஆயினும் கணக்கின் போக்கு சரியே. மழுங்கிய கத்திதான் கையைக் கிழிக்கும் என்று கடைக்காரர்கள் சொல்வதன் பொருளும் இதுதான். பலமாக அழுத்தும் கை சறுக்கினால் அந்தப் பலம் முழுவதும் விரலின் மேல் இறங்கும்.

கறி மெத்தென்று இருக்கிறது, எஃகு கடினமானது. மெத்தென்றது கடினமானதை எப்படி மழுங்கடிக்கிறது? இது நியாயமான கேள்வி. 2020ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் இதை மின்னணு நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார்கள். சவர பிளேடின் எஃகு முடியைவிட 50 மடங்கு கடினமானது. இருந்தும் முடி பிளேடின் விளிம்பிலிருந்து சில்லுகளைப் பெயர்த்தது. முடி சாய்ந்து வளையும்போது, எஃகின் உள்ளமைப்பு ஒரே சீராக இல்லாத இடங்களில் விளிம்பு சிறு சிறு துண்டாக உடைகிறது என்று கண்டார்கள். ஆட்டுத் தோலில் எத்தனை ஆயிரம் முடி! போதாததற்கு முடிக்கிடையே மண். மணலில் உள்ள குவார்ட்சு கத்தி எஃகைவிடக் கடினமானது. மேய்ந்து, படுத்து, புரண்டு வந்த ஆட்டின் தோல், கத்திக்கு ஓர் உப்புத்தாள் மாதிரிதான். தோலுரிப்பவர்கள் முதலில் ஒரு சிறு கீறல் போட்டு, பிறகு கத்தியை உள்ளிருந்து வெளியே வரும்படி ஓட்டுவதைப் பார்த்திருக்கலாம். முடியை வெட்டாமல் தோலை மட்டும் வெட்டும் தந்திரம் அது.

கடைக்காரரின் இரும்புக் கம்பி என்ன செய்கிறது? விளிம்பு உடைவது மட்டுமல்ல, பக்கவாட்டில் மடங்கவும் செய்கிறது. மடங்கியதைக் கம்பி நிமிர்த்துகிறது. நிமிர்த்த முடியாத அளவுக்கு உடைந்துவிட்டால் கல்லில் தேய்த்துப் புது விளிம்பு உண்டாக்க வேண்டும். நிமிர்த்துவது தினமும் பலமுறை. தேய்ப்பது எப்போதாவது ஒருமுறை.

கொல்லரின் சிக்கல்

விளிம்பு உடையாமலும் மடங்காமலும் இருக்கும்படி கத்தியை முதலிலேயே செய்துவிடக் கூடாதா? முடியாது. எஃகைக் கடினமாக்கினால் மடங்காது, ஆனால் உடையும். இளக்கினால் உடையாது, ஆனால் மடங்கும்.

நம் ஊர்ப் பட்டறைகளில் பெரும்பாலும் லாரியின் பழைய வில்லுப்பட்டையைத்தான் கத்தி அடிக்க எடுப்பார்கள். அதில் சுமார் 0.5 முதல் 0.6 சதவீதம் வரை கரி இருக்கிறது. பழுக்கக் காய்ச்சி, அடித்து உருவாக்கி, மறுபடி சிவக்கக் காய்ச்சித் தோய்ச்சல் போட்டதும் எஃகு கண்ணாடிபோல் ஆகிவிடும். கீழே விழுந்தால் விரிசல் விடும். ஆகவே அதை மீண்டும் மெல்லச் சூடேற்றுகிறார் கொல்லர். மேற்பரப்பைத் தேய்த்துப் பளபளப்பாக்கி நிறத்தைக் கவனிக்கிறார். சுமார் 230 டிகிரி சென்டிகிரேடில் வைக்கோல் நிறம். பிறகு பழுப்பு, ஊதா. 300 டிகிரியை நெருங்கும்போது நீலம். வைக்கோல் நிறத்தில் நிறுத்தினால் கூர் நன்றாக நிற்கும், ஆனால் எலும்பில் பட்டால் விளிம்பு சில்லிடும். நீலத்தில் நிறுத்தினால் அடி தாங்கும், ஆனால் கூர் நெடுநேரம் நிற்காது. வெப்பமானி இல்லாமல், கண்ணால் மட்டும் நிறம் பார்த்து, செய்யப் போவது வெட்டுக்கத்தியா தோலுரிக்கும் கத்தியா என்பதற்கு ஏற்ப நிறுத்துகிறார். இதைப் பதம் என்கிறோம். அந்த வேலை எனக்கு எப்போதும் வியப்பைத் தருவது.

ஆக, ஒரே இரும்புத் துண்டு இரண்டு வேலை பார்க்க வேண்டியிருக்கிறது. விளிம்பு கண்ணாடிபோல் கடினமாக இருக்க வேண்டும், உடல் மூங்கில்போல் வளைந்து கொடுக்க வேண்டும். பரம்பரைக் கத்தி இவை இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசம்.

சமரசத்தை உடைத்தவர்கள்

இந்தச் சமரசமே வேண்டாம், விளிம்பை ஒரு பொருளாகவும் உடலை வேறு பொருளாகவும் பிரித்துவிடலாம் என்பதுதான் மாற்றும் பிளேடின் கருத்து. அமெரிக்கரான கிங் கேம்ப் ஜில்லெட் இந்த வழியில் செய்த சவரக் கருவி 1903ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. அந்த ஆண்டு முழுவதும் விற்றவை 51 கருவிகளும் 168 பிளேடுகளும் மட்டுமே என்பார்கள். 1915ஆம் ஆண்டில் மார்கன் பார்க்கர் என்பவர், அறுவை மருத்துவர்கள் பயன்படுத்தும் கத்திக்கு மாற்றும் பிளேடு பொருத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்றும் அறுவை அரங்குகளில் இருப்பது அந்த முறைதான். என் உறவுக்காரப் பையன் கொண்டுவந்த வேட்டைக் கத்தி, இந்த அறுவைக் கத்தியின் பெரிய தம்பி.

பிளேடை யாரும் தீட்டப் போவதில்லை, வளைக்கப் போவதில்லை, தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கப் போவதில்லை. ஆகவே அதை மெல்லியதாகவும் மிகக் கடினமாகவும் செய்யலாம். கொல்லரின் கண் செய்த பதத்தை, ஆலையின் உலை ஆயிரக்கணக்கான பிளேடுகளுக்கு ஒரே சீராகச் செய்துவிடுகிறது.

நம் ஊர்களில் இந்த மாற்றத்தை நீங்கள் பார்த்தேயிருக்கிறீர்கள், கறிக்கடையில் அல்ல, முடிதிருத்தும் நிலையத்தில். தோல்வாரில் தீட்டும் சவரக் கத்தி ஒருகாலத்தில் எல்லாக் கடையிலும் இருந்தது. 1986ஆம் ஆண்டில் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவிலேயே முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தார்கள். அதன்பின் பரவிய விழிப்புணர்வில், ஒருவருக்குப் பயன்படுத்திய விளிம்பு இன்னொருவர் முகத்தில் படக் கூடாது என்பது வழக்கமாயிற்று. இப்போது ஆளுக்கு ஒரு பாதி பிளேடு. அங்கே மாற்றும் பிளேடு வென்றதற்குக் காரணம் கூர் அன்று, தூய்மை. கறிக்கடையில் அந்தக் காரணம் இவ்வளவு வலுவானதல்ல. கத்தியை வெந்நீரில் கழுவி உலர்த்தினால் போதும். சொல்லப்போனால், பிளேடு மாட்டும் பள்ளத்தில் கொழுப்பும் இரத்தமும் புகுந்து தங்கிவிடுவதால், புதுக் கத்தியைக் கழுவுவதுதான் கடினம்.

கடையில் நடந்தது

கடைக்காரர் புதுக் கத்தியை வாங்கிக் கட்டை விரலால் பதமாகத் தடவிப் பார்த்தார். "அடேயப்பா" என்றார். தோலுரிக்கக் கொடுத்தேன். முன்னங்காலில் கீறல் விழுந்தது தெரியவேயில்லை, அவ்வளவு சுலபம். ஆனால் இரண்டு நிமிடத்துக்குள் தோலில் ஓர் ஓட்டை. இன்னும் சற்றுத் தள்ளி இன்னொன்று. "இது நில்லுன்னா நிக்க மாட்டேங்குது சார். என் கத்தி தோல் எது, சவ்வு எதுன்னு கைக்குச் சொல்லும்" என்றார். தோலுக்கும் தசைக்கும் நடுவே இருப்பது மெல்லிய சவ்வுதான். அனுபவசாலிகள் கத்தியைக் கொஞ்சமே ஓட்டி, மீதியை முஷ்டியால் தள்ளிப் பிரித்துவிடுவார்கள். சற்றே குறைந்த கூர் அங்கே ஒரு பாதுகாப்பு.

ஓட்டை ஒரு சின்ன விஷயம் அல்ல. இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடித் தோல் ஆலைகள் ஆட்டுத் தோலைப் பதனிட்டுக் காலணிக்கும் கையுறைக்கும் ஏற்ற தோலாக்குகின்றன. உரிக்கும்போது விழுந்த வெட்டு, பதனிட்ட பிறகு பளிச்சென்று தெரியும். துளை விழுந்த இடத்தைச் சுற்றி வெட்டியெடுத்து ஒதுக்கத்தான் வேண்டும். தோலின் மதிப்பு இறங்கிவிடும். அடையாற்றில் 1948ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தைப் போன்ற இடங்களில் தோலின் தரத்தைப் பேசும்போது, கத்திவெட்டும் ஒரு பேச்சாக வருவதற்குக் காரணம் இதுதான்.

அடுத்து, எலும்பில்லாக் கறியிலிருந்து சவ்வையும் நரம்பையும் நீக்கச் சொன்னேன். இதில் புதுக் கத்தியை எதுவும் மிஞ்ச முடியாது. வெண்ணிறச் சவ்வு, கறி ஒட்டாமல் தாள்போல் உரிந்து வந்தது. கடைக்காரரே சிரித்துவிட்டார்.

அந்த மகிழ்ச்சியில்தான் முன்சந்தை எடுத்து மூட்டில் கத்தியை விட்டார். பழக்கதோஷம், மூட்டு விலகுவதற்காக மணிக்கட்டை ஒரு திருப்புத் திருப்பினார். டக்கென்று ஒரு சத்தம். பிளேடின் நுனி காணோம்.

இதற்கும் ஒரு கணக்கு உண்டு. தகட்டின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடியைப் பொறுத்தது. வெட்டுக்கத்தியின் முதுகு 4 மி.மீ.; இந்த பிளேடு சுமார் 0.4 மி.மீ. தடிமனில் பத்தில் ஒரு பங்கு என்றால் விறைப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கை பழக்கத்தில் கொடுத்த திருப்பைப் பழைய கத்தி உணர்ந்திருக்கவே இருக்காது. கடினமாகவும் மெல்லியதாகவும் செய்த பிளேடு, வளைய முடியாமல் முறிந்தது.

முறிந்தது பெரிதல்ல, துண்டு எங்கே? கடை முன்னால் எட்டுப் பேர் நிற்கிறார்கள். அரை அங்குலத்துக்கும் குறைவான, சவர பிளேடைப் போன்ற எஃகுத் துண்டு ஒன்று கறிக்குள் இருக்கிறது. யார் வீட்டுக் குழம்பில், எந்தக் குழந்தையின் வாயில் அது போய்ச் சேரும்? கடைக்காரரின் முகம் வெளிறிவிட்டது. என் முகம் எப்படியிருந்தது என்று எனக்குத் தெரியாது. கட்டை மேல் இருந்த கறி முழுவதையும் அவர் ஒரு தட்டில் தனியே ஒதுக்கிவிட்டார்.

பக்கத்து ரேடியோ ரிப்பேர் கடையிலிருந்து பழைய ஒலிபெருக்கியின் காந்தத்தை வாங்கி வந்தேன். "இது எவர்சில்வர் பிளேடு மாதிரி இருக்கே, காந்தம் இழுக்குமா?" என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரங்களில் பலவற்றைக் காந்தம் இழுக்காது. அவற்றில் நிக்கல் அதிகம். கத்திக்கான துருப்பிடிக்காத எஃகு, தோய்ச்சலால் கடினமாக வேண்டியது. அதன் படிக அமைப்பே வேறு. அதைக் காந்தம் இழுக்கும். சதைக்குள் ஆழமாகப் புதைந்ததைக் காந்தம் வெளியே கொண்டுவந்துவிடாது. ஆகவே கறியை மெல்லிய வில்லைகளாக அரிந்து ஒவ்வொன்றின் மேலும் காந்தத்தைத் தடவினோம். பதினைந்து நிமிடம் கழித்து, மூட்டுக் குருத்தெலும்பில் செருகிக்கொண்டிருந்த துண்டு, வில்லையோடு சேர்ந்து மெல்ல அசைந்தது. முறிந்த பிளேடோடு பொருத்திப் பார்த்து, வேறு துண்டு இல்லை என்று தெரிந்த பிறகுதான் மூச்சு வந்தது. ஆனாலும் அந்தச் சந்தைக் கடைக்காரர் விற்கவில்லை. அதன் விலையை நான் கொடுத்தேன். அதுதானே முறை.

15 லட்சம் ஆண்டு வழக்கு

தீட்டுவதா, மாற்றுவதா என்ற இந்த வழக்கு புதியதன்று. இதே திருவள்ளூர் மாவட்டத்தில், பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அருகே அத்திரம்பாக்கம் இருக்கிறது. 1863ஆம் ஆண்டு மே மாதத்தில் பல்லாவரத்தில் பழைய கற்கருவியைக் கண்டெடுத்த நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட், அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கத்தையும் கண்டறிந்தார். 1999ஆம் ஆண்டு முதல் சாந்தி பப்புவும் குழுவினரும் அங்கே அகழ்ந்தார்கள். அடிமட்டக் கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். கருவிகள் புதைந்த பிறகு, விண்கதிர்களால் அவற்றில் முன்பே உண்டாகியிருந்த அலுமினியம், பெரிலியம் ஆகியவற்றின் கதிரியக்க வகைகள் எவ்வளவு சிதைந்தன என்று அளந்து கண்ட வயது அது.

அக்காலத்துக் கருவிகளில் முக்கியமானது கைக்கோடரி. குவார்ட்சைட் கல்லை இருபுறமும் செதுக்கிய, உள்ளங்கை நிறையும் கனமான கருவி. மழுங்கினால் இன்னும் நாலு சில்லு தட்டிப் புது விளிம்பு உண்டாக்கலாம். அதாவது தீட்டும் கத்தி. பல லட்சம் ஆண்டுகளுக்குப் பின், அதே இடத்தில் கருவிகள் மாறுகின்றன. ஒரு கல்லை முன்கூட்டியே பக்குவப்படுத்தி, அதிலிருந்து வேண்டிய வடிவில் சில்லுகளைத் தட்டி எடுக்கும் முறை தோன்றுகிறது. சில்லுதான் கத்தி. ஒன்று மழுங்கினால் இன்னொன்று. இந்த மாற்றம் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே தொடங்கிவிட்டது என்ற முடிவு 2018ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அடுத்த படியில், நகத்தளவு கற்சில்லுகளை மரப்பிடியில் பிசினால் ஒட்டிய கருவிகள் வந்தன. அத்தகைய நுண்கற்கருவிகள் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துத் தேரி மணலில் கிடைக்கின்றன. இலங்கையின் பாகியன் குகையில் சுமார் 45,000 ஆண்டுகளுக்கு முன் குரங்கையும் அணிலையும் வேட்டையாடித் தின்றவர்களிடமும் நுண்கற்கருவிகள் இருந்தன.

சில்லுகள் வந்தபின் கனமான கருவிகள் அடியோடு ஒழிந்துவிடவில்லை. அமெரிக்க ஆய்வாளர்களான நிக்கோலஸ் டோத்தும் கேத்தி ஷிக்கும் தாமே கற்கருவி செய்து, இயற்கையாக இறந்த யானையின் உடலையே அறுத்துப் பார்த்தவர்கள். யானைத் தோலைச் சிறு சில்லுகளே திறந்துவிட்டன. அத்திரம்பாக்கத்துக் கருவிகளைப் பார்க்க விரும்புபவர்கள் பூண்டியில் உள்ள தொல்பழங்கால அகழ்வைப்பகத்துக்குப் போகலாம். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கைக்கோடரியைப் பார்க்கும்போது, கறிக்கடையின் வெட்டுக்கத்தி கட்டாயம் நினைவுக்கு வரும்.

கடைக்காரரிடம் அந்தக் கத்தியை விட்டுவிட்டு வந்திருந்தேன். இரண்டு மாதம் கழித்துப் போனபோது அது ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கொத்துக்கறிக்குச் சவ்வு நீக்க மட்டும் எடுக்கிறாராம். எலும்புப் பக்கமும் தோல் பக்கமும் அதைக் கொண்டுபோவதில்லை. பிளேடு மாற்றும்போது கொழுப்புப் பிசுக்கில் விரல் வழுக்கும் என்பதால், குறட்டால் பிடித்துத்தான் கழற்றுகிறார். கழற்றிய பிளேடைக் குப்பையில் போடுவதில்லை. குப்பை அள்ளும் அம்மா வெறுங்கையை விடுவாரே! பால்பவுடர் டப்பா ஒன்றின் மூடியில் கோடுபோல் ஒரு துளை போட்டு, அதற்குள் போடுகிறார். பக்கத்து முடிதிருத்தும் கடைக்காரரும் அதே மாதிரி ஒரு டப்பா வைத்திருக்கிறார். நிறைந்ததும் பழைய இரும்புக் கடைக்குக் கொடுக்கலாம். பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கும் ஆலைகள் நம் மாவட்டத்தில் கும்மிடிப்பூண்டியிலேயே இருக்கின்றன. முடிதிருத்தும் கடை டப்பா ஒரு தடவை நிறைந்து போய்விட்டது. கறிக்கடை டப்பாவை ஆட்டிப் பார்த்தேன். நாலைந்து பிளேடுகள் மட்டும் கலகலத்தன. கடைக்காரர் இரும்புக் கம்பியை இடக்கையில் எடுத்து, தகப்பனாரின் கத்தியை நாலு இழுப்பு இழுத்துவிட்டு, "எவ்வளவு போடட்டும் சார்?" என்றார்.